தேதிக்கு முன்னால் ஓர் ஊர்

கைநாட்டு வைத்தவர்கள் விரலை உடனே துடைத்துவிடுவார்கள். தலைமுடியில் தேய்ப்பார்கள், சுவரில் இழுப்பார்கள், மேசைக்கு அடியில் யாரும் பார்க்காத இடத்தில் அழுத்துவார்கள். பத்திரப் பதிவு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் ரேஷன் கடைகளிலும் செய்திக்காகக் காத்து நின்ற நாட்களில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மகளைப் பள்ளியில் சேர்க்க வந்திருந்த அவர் துடைக்கவில்லை. ஊதா மை பட்ட இடது பெருவிரலை மற்ற விரல்களிலிருந்து விலக்கி, அது வேறு யாருடையதோ என்பதுபோல் நீட்டியபடி தலைமையாசிரியையின் மேசை முன் நின்றார். அதற்குச் சற்று முன்பு தலைமையாசிரியை வழக்கம்போல் பேனாவைத்தான் நீட்டியிருந்தார். அவர் அதை வாங்கினார், மூடியைக் கழற்றினார், பேனாவின் பின்புறம் செருகினார், விண்ணப்பத்தின் கடைசிக் கோட்டை நோக்கிக் குனிந்தார். பிறகு பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். மூடியை மறுபடி போட்டுப் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, மைப்பெட்டியைக் கேட்டார். பேனா மூடியைக் கழற்றிப் பின்னால் செருகுவது எழுதிப் பழகிய கையின் வழக்கம். எழுதத் தெரியாதவர் அப்படிச் செய்வதில்லை.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி அது. கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று பெற்றோர் ஒருவர் தொலைபேசியில் சொன்னதற்காகப் போயிருந்தேன். அப்போது நான் ஒரு நாளிதழுக்கு அந்த வட்டாரத்தின் நிருபர். தலைமையாசிரியை என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, வந்திருந்தவர்களை முதலில் அனுப்பலாம் என்றார். அப்பாவுக்கு நாற்பது வயது இருக்கும். வேற்று மாநிலத்தவர் என்பது பார்த்ததும் தெரிந்தது. சட்டையில் கோழிப்பண்ணையின் வாசனை. மகளுக்குப் பதினொன்று இருக்கலாம். எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய சடை, புதுச் செருப்பு.

“இதுக்கு முன்னாடி பள்ளிக்கோடம் போயிருக்கியா சாமி?” என்று தலைமையாசிரியை கேட்டார்.

“போனதே இல்லைங்க” என்றாள் சிறுமி. அந்தத் தமிழைக் கேட்டு நான் நிமிர்ந்தேன். பரமத்தி வேலூரில் பிறந்த பிள்ளைபோல் பேசினாள்.

“சரி, உனக்குத் தெரிஞ்சத இதுல எழுது பாக்கலாம்” என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தார் தலைமையாசிரியை. ஏதாவது கோடு இழுப்பாள், படம் வரைவாள் என்று நினைத்திருப்பார். அவள் பதினேழாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழாக, ஒரு எண்ணுக்கு நேர்கீழே அடுத்த எண் வரும்படி எழுதி முடித்தாள். அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை அந்தக் காகிதத்தை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அம்மிணி, நீங்க அதப் பாக்கலீங்க” என்றார் என்னிடம்.

“பாக்கலீங்க டீச்சர்” என்றேன்.

அவர்கள் போன பிறகு தலைமையாசிரியை எனக்கு விளக்கினார். பிள்ளை வேறு பள்ளியில் படித்திருக்கிறது என்று பதிந்தால், அந்தப் பள்ளிக்கு எழுதி மாற்றுச் சான்றிதழ் கேட்க வேண்டும். பள்ளி இல்லையென்றால் அந்த ஊரின் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். ஒருபோதும் பள்ளிக்கே போகாத பிள்ளை என்று பதிந்தால் யாருக்கும் எழுத வேண்டியதில்லை, வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைத்துவிடலாம். “மூணு தடவ வந்துட்டு, மூணு தடவயும் சேர்த்தாம திரும்பிப் போனாருங்க. அங்க எழுதுனா நான் இங்க இருக்கறது தெரிஞ்சுரும்ங்கறாரு. யாருக்குங்க தெரியும்னு கேட்டேன். ரெண்டு பேருக்கும்ங்கறாரு. அதுக்கு மேல நான் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க.” பள்ளிக்கே போகாத பிள்ளையின் தகப்பன் கையெழுத்துப் போட்டால் யாராவது ஒருநாள் கேள்வி கேட்கக்கூடும் என்று அவராகவே யோசித்துக் கைநாட்டு வைத்திருக்கிறார். கழிப்பறைத் தண்ணீர்ச் செய்தியை அன்று மாலையே அனுப்பிவிட்டேன். அந்தப் பேனா மூடி மட்டும் மனதிலிருந்து இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோழிப்பண்ணைக்குப் போனேன்.

பண்ணைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள், நோய் வந்துவிடும் என்று. வாசலில் கிருமிநாசினி கலந்த நீர் ஒரு தொட்டியில் நின்றது. அதில் காலை நனைத்துத்தான் வேலையாட்களே உள்ளே போக வேண்டும். எனவே அவர் வெளியே வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. சாலையோரத்தில் ஒரு சிறு பாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்து பேசினோம். பண்ணையில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கும் மனைவிக்கும் முட்டை பொறுக்கும் வேலை. அவர் இந்தியில் பேச, மகள் தமிழில் சொன்னாள். அவர் நீளமாக ஏதோ சொல்லி முடிப்பார், அவள் ஒரு வரி சொல்வாள். அவ்வளவுதானா என்று கேட்டேன். “அப்பா நெறைய சொன்னாருங்க. உங்களுக்கு வேணுங்கறத நான் சொல்றனுங்க” என்றாள். அவளுக்கு ஒரு செய்தியாசிரியரின் கை இருந்தது.

சத்தீஸ்கரின் தெற்கில், காட்டுக்குள் ஒரு கிராமம். அங்கே அவர் ஒப்பந்த ஆசிரியர். ஒரே ஆசிரியர். சுற்றுவட்டாரத்தில் கான்கிரீட் கூரை உள்ள ஒரே கட்டடம் அந்தப் பள்ளி. அதுதான் அதற்கு வினையாகப் போயிற்று. அரசுப் படையினர் அந்தப் பக்கம் வந்தபோது தங்குவதற்கு அதைவிட்டால் வேறு இடமில்லை. சாவியைக் கேட்டார்கள், கொடுத்தார். சன்னல்களில் மணல் மூட்டைகள் ஏறின. பிள்ளைகள் வெளியே இலுப்பை மரத்தடியில் படித்தார்கள். சில மாதங்கள் கழித்துப் படை கிளம்பியது. அடுத்த வாரம், படையை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்தவர்கள் வந்து, இனி யாரும் அங்கே தங்கக்கூடாது என்று கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சாவியை ஏன் கொடுத்தாய் என்று அவரைக் கேட்டார்கள். அதன் பிறகு படையினர் திரும்பி வந்து, உன்னை மட்டும் அவர்கள் ஏன் உயிரோடு விட்டார்கள் என்று கேட்டார்கள். அடுத்த பள்ளிக்கூடம் ஆற்றைத் தாண்டி இருந்தது. பையன்களில் சிலரை அங்கே விடுதியில் சேர்த்தார்கள். பெண் பிள்ளைகள் வீட்டில் தங்கினார்கள், மூத்தவர்களில் இருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவருடைய மகள் அப்போது நாலாம் வகுப்பு.

எங்களூர்ப் பக்கத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட வந்தது திருச்செங்கோட்டு ரிக் வண்டி. அதன் டிரைவர் ஊருக்குப் புறப்படும்போது தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாஸ்டரிடம் இருந்த ஒரே வெளியூர் எண் அதுதான். இங்கே வந்து இரண்டு ஆண்டு மகள் பள்ளிக்கே போகவில்லை; பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடித்தான் தமிழ் பழகினாள். வீட்டில் அவரே சொல்லிக் கொடுத்தார். பதினேழாம் வாய்ப்பாடு அப்படி வந்தது.

“அப்பா இன்னுமே வருகைப் பதிவு எடுப்பாருங்க” என்றாள் மகள் திடீரென்று. அவர் அவளை அதட்டினார். என்னவென்று கேட்டேன். காலையில் முட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு கூண்டு வரிசையில் நடக்கும்போது, அந்தப் பள்ளியில் இருந்த முப்பத்தொரு பிள்ளைகளின் பெயரையும் வரிசை மாறாமல் முணுமுணுப்பாராம். “கோழிகளுக்கே பேரெல்லாம் மனப்பாடமுங்க. உள்ளேன் ஐயா மட்டுந்தான் சொல்லாதுங்க.” அவள் என்ன சொல்லிவிட்டாள் என்று புரியாமலேயே அவரும் எங்களோடு சிரித்தார்.

நான் கிளம்பும்போது அவர் நேரடியாகத் தமிழில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். “அந்தப் பள்ளிக்கோடம் இருந்துச்சுன்னு எங்கியாவது எழுதி இருக்கோணுங்க.” பதிவேடு, கரும்பலகை, பிள்ளைகளின் விடைத்தாள் எல்லாம் வெடியோடு போய்விட்டன. தன் மகளும் பள்ளிக்கே போகாதவள் என்று இப்போது அவரே கைநாட்டு வைத்தாயிற்று. எழுதுங்கள், ஆனால் ஊர் போடாதீர்கள், அந்த ஊரும் வேண்டாம், இந்த ஊரும் வேண்டாம் என்றார். குறிப்பேட்டின் மேல் ஓரத்தில் ‘ஊர் வேண்டாம்’ என்று எழுதி, இரண்டு கோடு போட்டு அவரிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கோடுகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

செய்தியை மிகுந்த கவனத்தோடு எழுதினேன். பெயர் இல்லை, மாநிலம் இல்லை, பண்ணையின் அடையாளம் இல்லை. படம் எடுக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனால் பத்திரிகையில் எந்தச் செய்தியும் ஊர்ப்பெயரோடும் தேதியோடும்தான் தொடங்கும். அந்த முதல் சொல்லை யாரும் எழுதுவதுமில்லை, படிப்பதுமில்லை. அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் அதை விட்டுவிட்டு அனுப்பியிருந்தேன், ஏன் விட்டேன் என்று ஒரு வரி குறிப்பு சேர்க்காமல். மறுநாள் மாலை ராசிபுரம் சாலையில் ஒரு விபத்து. லாரிக்கு அடியில் இருசக்கர வாகனம். நான் அங்கே நின்று எண்களைக் குறித்துக்கொண்டிருந்தபோது சேலம் அலுவலகத்திலிருந்து துணையாசிரியர் கூப்பிட்டார்.

“மாஸ்டர் செய்திக்கு ஊரு போடலீங்களே, எங்கீங்க?”

“நாமகிரிப்பேட்டைங்க” என்றேன். அவ்வளவுதான். பக்கத்தில் ஆம்புலன்ஸ் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது, நான் விலகி நின்றேன். ஆயிரம் முறை பதில் சொன்ன கேள்வி அது. வாய் சொல்லிவிட்டது, நான் சொன்னதாகவே எனக்குப் படவில்லை.

காலையில் பத்திரிகையைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த ஊர்ப்பெயர்தான், கறுத்த எழுத்தில், தேதிக்கு முன்னால். துணையாசிரியரை அழைத்தேன். “ஊரு இல்லாம போட்டா அது செய்தியா, கதையா? நீங்கதான சொன்னீங்க?” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. தமிழ்ப் பத்திரிகையை அந்தக் காட்டில் யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தும் பத்து மணிக்குப் பள்ளிக்குப் போய், ஆறாம் வகுப்பு சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவள் இரண்டாவது வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, டீச்சருக்குத் தெரியாமல் கையை மட்டும் அசைத்தாள். நிம்மதியோடு திரும்பினேன்.

செய்திக்கு நல்ல பெயர் கிடைத்தது. நான் எழுதிய எதற்கும் அதற்கு முன் அத்தனை தொலைபேசி வந்ததில்லை. ஒருவர் சிறுமிக்கு சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றார். மாஸ்டரிடம் சொல்வதற்காக அடுத்த வாரம் பண்ணைக்குப் போனேன். சூப்பர்வைசர் வாசலுக்கு வந்தார். “நீங்க எழுதுனது நல்லாத்தானுங்க இருந்துச்சு. எங்க மொதலாளிகூட படிச்சுப்போட்டுக் கண்ணத் தொடச்சாருங்க. ஆனா மாஸ்டரு போயிட்டாருங்க.”

எங்கே என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பண்ணையில் வேலை செய்யும் மற்ற வடக்கத்தி ஆட்கள் செய்தியைப் படம் பிடித்து, நம்ம ஆளைப் பற்றிப் பேப்பரில் வந்திருக்கிறது என்று இந்தியில் ஒரு வரி சேர்த்து, ஊர்க்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். சந்தோஷத்தில்தான். நாலாம் நாள் காவல் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்து, இதில் மாஸ்டர் யார் என்று கேட்டு, ஆதார் அட்டையைப் பார்த்து விவரம் குறித்துக்கொண்டு போனார்கள். வெளி மாநிலத்தவரைக் கணக்கெடுக்கும் வழக்கமான வேலை. அதற்கு அடுத்த நாள் அவருக்கு ஒரு தொலைபேசி. “நான் பக்கத்துலதானுங்க நின்னுட்டிருந்தேன். யாரோ அவங்க ஊர்ப்பக்கத்து ஆளு. சௌக்கியமான்னு கேட்டாங்களாம், அவ்வளவுதானுங்க. சௌக்கியமான்னு கேட்டதுக்குப் போயி மனுசன் கையில இருந்த முட்டை அட்டையக் கீழ வெச்சுட்டு அப்பிடியே உக்காந்துட்டாரு. மத்தியானம் பாத்தா ஊட்டுல யாரும் இல்லீங்க.” பேசியவர் படைத் தரப்பா, காட்டுத் தரப்பா என்று மாஸ்டருக்கே தெரிந்திருக்காது. அதைச் சூப்பர்வைசருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று சிறுமியைப் பள்ளியிலிருந்து அம்மா வந்து கூட்டிப் போயிருக்கிறார், வயிற்றுவலி என்று சொல்லி.

தலைமையாசிரியை என்னைத் திட்டவில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அவள் வந்தது மொத்தம் பதினாறு நாள். “ரெண்டு பேருக்குத் தெரிஞ்சுரும்னு பயந்துட்டு இருந்தாரு. நீங்க அல்லாருக்கும் சொல்லிப்போட்டீங்க அம்மிணி” என்றார். கோபமில்லாத குரலில், ஒரு கணக்கைச் சரிபார்ப்பவர்போல. நான் ஊர்ப்பெயர் எப்படி வந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். வாய்விட்டுச் சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயமாக இருக்கிறது என்பது தெரிந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பிறகு தேடினேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஓமலூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகள், ஆத்தூர்ச் சாலையில் ஜவ்வரிசி ஆலைகள், மோகனூர்ப் பக்கத்துப் பண்ணைகள். விடுமுறை நாளெல்லாம் வண்டியில்தான் கழிந்தது. இந்தி பேசும் ஒரு மாஸ்டர், கூடவே கொங்குத் தமிழ் பேசும் ஒரு பெண் குழந்தை என்று எல்லா இடத்திலும் சொன்னேன். உட்கார்ந்தால் எழ வேண்டும்போல் இருக்கும், போனால் அடுத்த ஊருக்குப் போயிருக்கலாமோ என்று இருக்கும். அம்மாபேட்டையில் ஒரு தறிக்கூடத்தில் விசாரித்தபோது, அங்கே நூல் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாருங்கம்மா அவரு? போலீசு தேடுதா? வந்தா உங்களுக்குச் சொல்லோணுங்களா?” என்றார். கூடத்திலிருந்த எட்டுப் பேரும் அதைக் கேட்டார்கள். அவர்களில் நாலு பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள், நாலு பேர் கையிலும் தொலைபேசி இருந்தது. நான் போன ஒவ்வொரு ஊரிலும் அவரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பத்திரிகையில் ஒரு ஊரைச் சொன்னேன். இப்போது மாவட்டம் மாவட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தொலைபேசி எண்ணைக் கொடுக்காமல் திரும்பினேன். அதோடு தேடுவதை விட்டேன்.

தலைமையாசிரியை செய்தது வேறு. தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரைக் கணினியில் பள்ளியிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்பில் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு எந்தப் பள்ளியும் யாரையும் கேட்காமலே அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். அவர் விடுவிக்கவில்லை. தன் பள்ளியின் பெயரிலேயே வைத்திருந்தார். அப்படி இருந்தால், தமிழ்நாட்டில் எங்கே அவளைச் சேர்க்கப் போனாலும் அந்தப் பள்ளி முதலில் இவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். மாதக் கூட்டத்தில் வட்டார அலுவலர் கேட்டால், “ஊருக்குப் போயிருக்குதுங்க, வந்துருமுங்க” என்பார். ஒருமுறை எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அதே வரியை எழுதியும் கொடுத்தார். நான் மாதம் ஒருமுறை அவருக்குப் பேசுவேன். “இன்னும் இல்லீங்க” என்பார். பொங்கல் போயிற்று, முழுப் பரீட்சை போயிற்று. அவளுடைய வகுப்பு அவளில்லாமலே ஏழாம் வகுப்பு ஆயிற்று.

அதற்குள் நான் நிருபர் வேலையிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கிச் சேலம் அலுவலகத்துக்கு வந்துவிட்டேன். இப்போது நிருபர்கள் அனுப்புவதைத் திருத்திப் பக்கத்தில் வைப்பது என் வேலை. ஊர்ப்பெயர் இல்லாமல் ஒரு செய்தி வந்தால், எந்த ஊர் என்று உடனே கேட்பதில்லை. வேண்டுமென்றே விட்டீர்களா என்று முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் மறதிதான். இந்தம்மா எதற்கு இதைப் போய்க் கேட்கிறார் என்று சிரிப்பார்கள்.

பள்ளிகள் திறந்த பிறகு ஒரு நாள், பகல் பன்னிரண்டரைக்குத் தலைமையாசிரியை கூப்பிட்டார். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம், மதிய உணவு நேரம்.

“அம்மிணி, பேரு கேட்டு போன் வந்துருச்சுங்க” என்றார். “ஏழாம் வகுப்புல உக்கார வெச்சுட்டாங்களாம். நானும் விடுவிச்சு உட்டுட்டேன். அந்தப் பள்ளிக்கோடத்து எட்மாஸ்டரு சொல்றாரு, பிள்ள பள்ளிக்கோடம் சேந்து பதினாறு நாளுதான் ஆச்சுன்னு இருக்குது, ஆனா எங்க ஏழாம் வகுப்புக்கே கணக்குச் சொல்லிக் குடுக்குதுங்க, எப்பிடிங்கன்னு. எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்லிப்போட்டேன்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், நினைவில்லை. கை தானாகப் பேனாவை எடுத்து, முன்னாலிருந்த தாளின் மேல் வைத்திருந்தது. அடுத்த கேள்வி நாக்கில் நின்றது. பிள்ளைகள் யாரோ சாம்பார் கேட்டுக் கத்தினார்கள்.

“அப்புறம்?” என்றார் தலைமையாசிரியை.

“அவ்வளவுதானுங்க டீச்சர். வெச்சர்றனுங்க” என்றேன்.

தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வழி இருக்கிறது. அலுவலகத்தில் கல்விச் செய்தி பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மாலைக்குள் எந்தப் பள்ளி என்று சொல்லிவிடுவார். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். தொலைபேசி மேசையில்தான் இருக்கிறது. எதற்கு என்றால், நன்றாக இருக்கிறாளா என்று கேட்க. சௌக்கியமா என்று கேட்க. ஒவ்வொரு நாள் மாலையும் கடைசிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு, யாரையும் கூப்பிடாமல் எழுந்து வீட்டுக்குப் போகிறேன்.